இரண்டாம் நம்பர் ஃப்ளைவீல்

பாரை பிடிப்பவனுக்கு இன்ஜினுக்குள் கையை விட்டிருப்பவனின் முகம் தெரியாது. குதிகால் இரண்டும்தான் தெரியும்.

மாப்பிள்ளை அந்தக் குதிகால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவை மச்சானுடையவை, அவன் மனைவியின் அண்ணனுடையவை. பம்பு நிலையத்தின் ஃபிட்டர் அவர். இரண்டாம் நம்பர் இன்ஜினின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அதன் முன்னால் முழங்காலிட்டு, வலது கையைத் தோள்வரை இன்ஜினின் வயிற்றுக்குள் விட்டிருந்தார். உள்ளே சுழலும் கிராங்கைக் கவ்விப் பிடித்திருக்கும் நட்டுகள் தளர்ந்திருந்தன. ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை இறுக்கியதும் அடுத்தது கைக்கு எட்டும் இடத்துக்கு வர வேண்டும். தானாக வராது. இன்ஜினைச் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

அதற்குத்தான் இந்த இரும்புப் பாரை. இன்ஜினின் பின்பக்கம் ஆள் உயர ஃப்ளைவீல். அதன் விளிம்பைச் சுற்றிலும் துளைகள். ஒரு துளையில் பாரையைச் செருகி, உடம்பு எடை முழுவதையும் கொடுத்துக் கீழே இழுத்தால் சக்கரம் ஒரு சாண் நகரும். உருவி, அடுத்த துளையில் செருகி, மறுபடி இழுக்க வேண்டும். பலம் முக்கியமில்லை. நிறுத்தத் தெரிய வேண்டும். சக்கரம் ஒரு விரற்கடை கூடுதலாக நகர்ந்தாலும் உள்ளே இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒருவனுடைய கை இருக்கிறது.

நிலையத்தில் எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான். ஃபிட்டரின் தங்கையைக் கட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயர். சம்பளம் கொடுப்பவர்கூட "அந்த மாப்பிள்ளையக் கூப்பிடு" என்பார்.

"ஊருக்கெல்லாம் மாப்பிள்ளையா இருக்கேன். ஒருத்தரும் விருந்துக்குக் கூப்பிடல" என்று அவன் ஒருமுறை சொன்னபோது, "கூப்பிட்டா நீ வழியில நாய் இருக்குமான்னு கேப்ப" என்றார் மச்சான். அது உண்மை. அவன் பயந்த சுபாவக்காரன். கேஸ் அடுப்பை மூடிவிட்டோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன்.

அன்று காலையில் வாசலில் நின்று அவன் மனைவி சொன்னாள்: "எங்கண்ணன் அவசரக்காரரு. நீங்க அவர் கைய விட்டுக் கண்ண எடுக்காதீங்க."

"கை உள்ளல்ல இருக்கும், எப்படிப் பாக்கிறது?"

"பேச்சுல ஒண்ணும் கொறைச்சல் இல்ல" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்ஜின் ஓடும் இடத்தில் குரல் எடுபடாது. அதனால் மச்சானின் இடது கையில் ஒரு சின்ன ஸ்பேனர் இருக்கும். அதை வைத்து இன்ஜின் உடம்பில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் சுற்று. தட்டுவது காதில் விழாவிட்டாலும் பாரை வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். விடாமல் தட்டினால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அதை மாப்பிள்ளை இதுவரை கேட்டதில்லை.

கையை உள்ளே விடுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. வால்வை மூடுவது. இரண்டு இன்ஜின்களின் பம்புகளும் தரைக்குக் கீழே கிணற்றில் சேரும் தெருமழைத் தண்ணீரை ஒரே குழாயில்தான் தள்ளும். ஒன்று ஓடி மற்றொன்று நின்றால், ஓடுவதன் தண்ணீர் நிற்பதன் வழியாகத் திரும்பி வந்து பம்பைப் பின்பக்கமாகச் சுற்றிவிடும். பம்போடு இன்ஜினும் சுற்றும். தடுப்பதற்கு ஒரு மூடி உண்டு. அது தேய்ந்து பல வருஷம் ஆகிறது. ஆகவே கைச்சக்கரம் வைத்த வால்வை மூடிவிட்டுத்தான் யாரும் இன்ஜினைத் தொடுவார்கள்.

அந்த வால்வு நிலையத்தில் ஒரு பழைய கேலிப்பொருள். உலகத்தில் எல்லா வால்வும் வலப்பக்கம் சுற்றினால் மூடும். இரண்டாம் நம்பர் வால்வு மட்டும் இடப்பக்கம் சுற்றினால் மூடும். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனும் அதில் ஏமாந்து திட்டு வாங்குவான். போன வாரம் அதைக் கழற்றிவிட்டுப் புது வால்வு போட்டார்கள். "இனிமே இதுவும் ஒழுங்கான குடும்பத்துப் பிள்ளை" என்று மச்சான் அதைத் தட்டிக்கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான்.

இன்று அவன்தான் போய் அதை மூடினான். சுற்றினான், சுற்றினான், இறுகும்வரை சுற்றினான். மச்சான் வந்து தன் கையாலும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. வா" என்றார்.

அப்போது இரண்டு இன்ஜின்களும் நின்றுகொண்டிருந்தன. வெளியே மழை தூறலாகத்தான் இருந்தது. நான்கு நட்டில் மூன்றை இறுக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒன்றாம் நம்பர் ஆப்பரேட்டர் ஓடி வந்தார். அவர் பெயர் மீசை. மீசையை எடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் உதட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"கிணத்துல தண்ணி ஏறுது. நான் ஓட்டணும்."

மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வால்வு மூடியிருக்கு. நீ பாட்டுக்கு ஓட்டு."

"கை உள்ள இருக்கே."

"இருக்கட்டும். நட்டு ஒண்ணுதான் பாக்கி. மாப்ள, என்ன?"

"ம்" என்றான் மாப்பிள்ளை. வால்வை இன்னொரு தரம் போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. ஆனால் அவனுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். அதையெல்லாம் நம்பினால் வேலை நடக்காது.

மீசை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போனார். கூடத்தின் மறுகோடியில் ஒன்றாம் நம்பர் இருமியது, உதறியது, பிறகு பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. உள்ளங்கையில் இரண்டு தட்டு. சுற்று.

மாப்பிள்ளை இழுத்தான். சக்கரம் நகர்ந்தது. பாரை நெஞ்சிலிருந்து இடுப்புக்கு வந்தது, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வந்தது. ஒரு தட்டு. நில். நின்றான். மச்சானின் குதிகால் லேசாக உயர்ந்தது. நட்டைத் தேடி இன்னும் உள்ளே எட்டுகிறார். இனி அவன் பாரையை உருவி ஓரமாக வைக்கலாம். நட்டை இறுக்கும்வரை அதற்கு வேலை இல்லை. வழக்கமாக அப்படித்தான் வைப்பான்.

உருவுவதற்காகப் பிடியைத் தளர்த்தினான். பாரை மேலே வந்தது.

அவன் தூக்கவில்லை. அதுவாக வந்தது.

முதலில் காற்று என்றுதான் நினைத்தான். சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று சில சமயம் சக்கரத்தைத் திருப்பித் தள்ளும். ஆனால் காற்று உதைக்கும், பிறகு விட்டுவிடும். இது உதைக்கவில்லை. மெதுவாக, விடாப்பிடியாக, ஒரே சீராகத் தூக்கியது. எதிரே யாரோ நின்று பாரையைத் தூக்குவதுபோல் இருந்தது.

அவன் இரண்டு கைகளாலும் அதன்மேல் விழுந்தான். பாரை இடுப்புக்கு மேல் போய்விட்டது. வயிற்றை அதன்மேல் அழுத்தித் தொங்கினான். கால் தரையைவிட்டு எழும்பப் பார்த்தது. பாரை அங்கே நின்றது.

பாரை வழியாகத் தட்டு வந்தது. ஒன்றில்லை, இரண்டில்லை. எண்ண முடியாமல் வந்தது.

மச்சானின் கால்கள் தரையை உதைத்தன. கட்டைவிரல் சிமெண்டில் பற்றிடம் தேடியது. பின்னால் போகப் பார்க்கிறார், முடியவில்லை. முன்கை எங்கேயோ கிராங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சக்கரம் இன்னும் நான்கு விரல் திரும்பினால் எலும்பு தாங்காது. பாரையை விட்டால் நான்கு விரலோடு நிற்காது. சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் கையோடு தோளும் போகும்.

"மீசை!" என்று கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மீசை கண்ணாடி மீட்டருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகு அசையவே இல்லை. கூடத்தில் வேறு ஆள் இல்லை.

தட்டு மாறியது. இரண்டு. சிறிது இடைவெளி. மறுபடி இரண்டு. முன்னால் சுற்று என்கிறார். ஒரு விரற்கடை முன்னால் போனால் போதும், கையை உருவிக்கொள்வார். மாப்பிள்ளை பல்லைக் கடித்து அழுத்தினான். பாரை அசையவில்லை. அவனுடைய எடை முழுவதும் சேர்ந்து அதை இருந்த இடத்தில் நிறுத்தத்தான் போதுமாக இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் "இன்னும் ஒரு வாய்" என்று அவன் மனைவி கெஞ்சுவாள். அந்த ஒவ்வொரு வாயும் இப்போது வேண்டியிருந்தது.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. பயந்து விறைத்துப்போய் நிற்கிறான் என்று உள்ளே இருப்பவர் நினைக்கிறார். அதுவும் பொய்யில்லை.

தண்ணீர்தான் இது. தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இப்படித் தள்ளாது. ஆனால் வால்வு மூடியிருக்கிறதே. அவனே மூடினானே. கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். தாவினால் எட்டும் தூரத்தில் புது வால்வு நின்றது. அதன் கைச்சக்கரத்துக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு, புது எண்ணெய் பளபளக்க, முழங்கை நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பழைய வால்வில் தண்டு வெளியே வராது. இதில் வரும். திறந்தால் வெளியே வரும், மூடினால் உள்ளே போகும்.

கை பழக்கத்தில் இடப்பக்கம் சுற்றியிருக்கிறது. மூடிக் கிடந்ததை முழுக்கத் திறந்து, இறுக்கிவிட்டு, மூடியாச்சு என்று வந்து நின்றிருக்கிறான். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனாக இருந்தால் சரியாகச் செய்திருப்பான்.

எண்ணெய்க் கை. பாரை வழுக்கியது. எத்தனை நேரம் தொங்க முடியும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதிக நேரம் முடியாது என்று மட்டும் தெரிந்தது. மீசை திரும்பும்வரை காத்திருக்கலாம். மீசை மணிக்கணக்கில் திரும்பாத ஆள். அவருக்கு மீட்டர்தான் சினிமா.

விட்டுவிட்டு வால்வுக்கு ஓடினால் சக்கரம் சுற்றும். விடாமல் நின்றால் கை வழுக்கி, அப்போதும் சக்கரம் சுற்றும்.

வயிற்றைப் பாரையில் அழுத்தியபடி ஒரு கையை எடுத்தான். பாரை ஒரு நூல் மேலே ஏறியது. குதிகால்கள் துடித்தன. தட்டு நின்றுவிட்டது. தட்டு வந்தபோது இருந்த பயத்தைவிட அது நின்ற பயம் பெரிதாக இருந்தது.

"மச்சான், பொறுத்துக்கங்க, பொறுத்துக்கங்க" என்று கேட்காத குரலில் சொல்லிக்கொண்டே பெல்ட்டின் கொக்கியை அவிழ்த்தான். பெல்ட்டை இழுத்து உருவினான். ஃப்ளைவீலைச் சுற்றிக் கம்பி வேலி. அதன் கால் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. குனிந்து, அந்தக் காலைச் சுற்றி, மேலே பாரையைச் சுற்றி, ஒரே கையாலும் பல்லாலும் இழுத்துக் கொக்கியை மாட்டினான். இடுப்புக்கேற்ப அவனே ஆணியால் குத்திய கடைசித் துளையில் கொக்கியின் ஊசி விழுந்தது.

இனி உடம்பை எடுக்க வேண்டும்.

அதுதான் முடியவில்லை. கட்டியாகிவிட்டது, அவனுக்கு அது தெரிகிறது, வயிறு மட்டும் பாரையை விட்டு எழுந்திருக்க மறுத்தது. இது அறுந்தால் என்று மனம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. தெருவோரத்தில் பேரம் பேசி வாங்கிய பெல்ட். தோல் என்று சொல்லித்தான் கொடுத்தான். தோல்தானா என்று யாருக்குத் தெரியும்.

மெல்ல எடையை எடுத்தான். பெல்ட் விறைத்தது. கிறீச்சிட்டது. நின்றது.

தாவினான். கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் பற்றி உயிரைக் கொடுத்துச் சுற்றினான். அது அசையவில்லை. கல் மாதிரி நின்றது. மூடித்தான் இருக்கிறது என்றது கை. மூடித்தான் இருக்கிறது, வேறு எதுவோ கோளாறு, ஓடிப்போய்ப் பாரையைப் பிடி என்றது. கண்ணுக்கு நேரே தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் இடப்பக்கம்தான் இழுத்துக்கொண்டிருந்தான்.

தன் கையையே நம்பக் கூடாது என்று புரிந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. கண்ணைத் தண்டின்மேல் வைத்தான். வலப்பக்கம் இழுத்தான். தண்டு ஒரு புரி உள்ளே போனது. இன்னொரு இழுப்பு. இன்னொரு புரி. பின்னால் பெல்ட் ஒருமுறை சொடுக்கியது. திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் சுற்றுவது நிற்கும். பேண்ட் இடுப்பிலிருந்து நழுவி முழங்காலில் சிக்கியது. அதைக் காலோடு இழுத்துக்கொண்டு சுற்றினான். சுற்றச் சுற்றக் கைச்சக்கரம் கனத்தது. குழாய்க்குள் தண்ணீர் சீறியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சீற்றம் மெலிந்தது. தண்டு கட்டைவிரல் அளவுக்கு வந்தபோது அதற்குமேல் சுற்றவில்லை.

ஓடி வந்தான். பெல்ட்டில் ஓரம் கிழிந்து நூல் தொங்கியது. பாரை லேசாக ஆடியது. அதைத் தூக்க இப்போது யாரும் இல்லை. அவன் அதைப் பிடித்து ஒரு விரற்கடை கீழே அழுத்தினான். சக்கரம் சாதுவாக முன்னால் நகர்ந்தது.

மச்சான் பின்பக்கமாகத் தரையில் விழுந்தார்.

மாப்பிள்ளை பேண்டைப் பிடித்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றி ஓடினான். கை இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே தோல் உரிந்து, எண்ணெயும் ரத்தமும் கலந்து கருப்பாக வழிந்தது. மச்சானின் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு அசைந்தது. அவன் காதை அருகே கொண்டுபோனான்.

"ரெண்டு தட்டு தட்டுனேன். கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு மச்சான்."

"கேட்டுட்டா சும்மா நின்ன? மனுசனா நீ?"

மாப்பிள்ளை பெல்ட்டைக் காட்டினான். மச்சானின் பார்வை பெல்ட்டுக்குப் போய், பாரைக்குப் போய், வால்வில் போய் நின்றது.

"தொறந்திருந்துச்சா?"

"நான்தான் தொறந்தேன். மூடுறேன்னு நெனச்சு."

"நானும் இழுத்துப் பாத்தேனே."

"ஆமா."

"எந்தப் பக்கம் இழுத்தேன்?"

மாப்பிள்ளை இடப்பக்கம் கையை அசைத்துக் காட்டினான். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் மீசை தற்செயலாகத் திரும்பினார் போலும். ஒரு காதில் பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தார். "என்னய்யா இது? ஒருத்தன் தரையில படுத்திருக்கான், ஒருத்தன் பேண்ட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான்" என்று சிரித்தவர், கையைப் பார்த்ததும் மற்ற காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கினார்.

"மொதல்ல உன் இன்ஜின நிறுத்து" என்றார் மச்சான்.

"கிணறு ரொம்பிக்கிட்டு வருது..."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

ஒன்றாம் நம்பர் நின்றது. கூடம் முழுவதும் மழைச் சத்தம் வந்து நிறைந்தது. தரைக்குக் கீழே கிணற்றில் தண்ணீர் விழும் ஓசையும் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. நான் வண்டியெடுக்கிறேன்" என்றார் மீசை.

"போலாம். அந்த நட்டு?" என்றார் மச்சான்.

ஒன்றாம் நம்பர் மட்டும் தனியாக இந்த மழையைத் தாங்காது. அது மூவருக்கும் தெரியும். கிணறு நிரம்பினால் தண்ணீர் தெருவுக்குப் போகும். பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் மாப்பிள்ளையின் வீடும் ஒன்று. மச்சான் விரல்களை மடக்கிப் பார்த்தார். மூன்று மடங்கின. இரண்டு மடங்கவில்லை. மீசை தன் கையைப் பார்த்தார். அது சிலர் தொடை பருமன் இருக்கும். பக்கத் திறப்புக்குள் போகாது.

பிறகு இருவரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றான்.

"வேற யாரு கை இருக்கு மாப்ள?" மச்சானின் குரலில் கோபம் இல்லை. "நான் பாரையப் புடிக்கிறேன். இடது கை நல்லாத்தான் இருக்கு. மீசையும் கூடப் புடிப்பான். எந்த இன்ஜினும் ஓடாது. தெருவுல தண்ணி ஏறுனா ஏறட்டும்."

மச்சான் எழுந்து வால்வருகே போனார். இடது கையால் சக்கரத்தை இழுத்தார். தண்டைக் கட்டைவிரலால் அளந்தார். மீசையைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னார். மாப்பிள்ளையையும் வந்து அளக்கச் சொன்னார். மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராக அந்தத் தண்டைத் தொட்டார்கள்.

மாப்பிள்ளை முழங்காலிட்டான். திறப்பின் ஓரத்தில் மச்சானுடைய தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க வேண்டும்போல் இருந்தது, தொடவும் முடியவில்லை. கையை உள்ளே விட்டான். உள்ளே இருட்டாக இருந்தது. விரல் எண்ணெயில் நடந்து, இரும்பைத் தாண்டி, நட்டைத் தொட்டது. ஸ்பேனர் கவ்வ இடமில்லை. ஒரு விரற்கடை சுற்ற வேண்டும்.

இப்போது கூடம் அமைதியாக இருந்தது. தட்ட வேண்டியதில்லை. வாயைத் திறந்து சொன்னால் போதும். அவன் வாயைத் திறந்தான். உள்ளே ஸ்பேனர் இரும்பில் கடகடவென்று மோதியது. அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

மச்சான் அவசரப்படுத்தவில்லை. பயந்தாங்கொள்ளி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சக்கரத்துக்குப் பின்னாலிருந்து அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. கிணறு நிரம்பிக்கொண்டிருந்தது.

"சுத்துங்க" என்றான் மாப்பிள்ளை.

குளிர்ந்த கிராங்க் அவன் முன்கையை வந்து தொட்டது.

"போதும்."

அது அங்கேயே நின்றது.